இறக்கி வைக்கப்பட்டவர்கள்

"இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. நடுவுல யாரும் பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வைஜெயந்தி மூன்றாவது வரியை அழித்தாள். நான்காவது முறையாக அழிக்கிறாள். விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. அந்த ஒரு சொல் வந்ததும் நின்றன.

அந்தமானின் வண்டூர் கடற்கரையில் அந்த டைவிங் சென்டரின் முன்னறையில் அன்று சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. காற்று பலமாக இருந்ததால் காலையிலேயே படகுகளை நிறுத்திவிட்டார்கள். மேசைக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் மனு எழுத்தர் அன்பழகன். அவருடைய ஸ்கூட்டரில்தான் அவள் போர்ட் பிளேரிலிருந்து பறந்து வந்திருந்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இந்துமாக்கடலின் மறுமூலையில் இருக்கும் ரீயூனியன் தீவில் அவள் மகன் முத்துகிருஷ்ணனின் வழக்கு கூப்பிடப்படும். அது பிரெஞ்சுக்காரர்களின் தீவு. கொச்சியில் வேலை என்று சொல்லிக் கப்பலேறியவன், ஏஜென்ட் ஒருவனின் மீன்பிடிப் படகில் அறுபது பேரோடு பத்தொன்பது நாள் கடலில் கிடந்து அங்கே கரையேறினான். அடைக்கலம் கேட்டான். முதல் தடவை இல்லை என்றார்கள். இன்று மேல்முறையீடு. இன்றும் இல்லை என்றால், சாயங்கால விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இலங்கை மலைத்தோட்டத்து ஆள் என்று அவன் சொல்லியிருந்ததால், கொழும்புக்கு. அங்கே அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. விமான நிலையத்திலேயே போலீஸ் நிற்கும்.

நேற்று அந்த ஊர் வக்கீலின் மின்னஞ்சல் சென்டரின் முகவரிக்கு வந்தது. முன்பு இங்கே படகில் வேலை பார்த்தவன் என்பதால் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி இது ஒன்றுதான். 'இவரை அறிந்த ஒருவரிடமிருந்து, அந்தமானிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், பிரெஞ்சில்.' காரைக்காலில் பள்ளியில் பிரெஞ்சு படித்துவிட்டு இப்போது சென்டரில் வேலை பார்க்கும் வைஜெயந்தி, முதல் இரண்டு வரியைப் படித்ததுமே போர்ட் பிளேருக்கு ஓடிப்போய் ஒச்சம்மாவிடம் சொல்லிவிட்டாள். நல்ல சேதிக்குக் கால் முளைத்துவிடும். மின்னஞ்சலோடு வந்த கோப்புகளை அவள் திறந்து பார்த்தது இன்று காலையில்தான்.

அதற்குள் ஒச்சம்மா, தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்துவிட்டாள். நேராக அன்பழகனிடம் போய் ஒரு மனு எழுதி வாங்கிவிட்டாள். ஒரே பக்க ஆங்கிலம். அதில் ஐந்து இடத்தில் 'செட்டில்ட்', இரண்டு இடத்தில் 'செட்டிலர்'.

"சார், இந்த வார்த்தைய ஏன் சார் இத்தன தடவ போட்டிருக்கீங்க?"

"அரே மேடம்!" அன்பழகன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சிரித்தார். "இருபத்தாறு வருஷமா மனு எழுதுறேன். செட்டிலர்னு இல்லாத மனுவ இந்தத் தீவுல எந்த பாபு கையில தொட்டிருக்கான்? நெலம், கோட்டா, கப்பல் டிக்கெட், எல்லாத்துக்கும் அதான் சாவி. பக்கா வார்த்த."

"அது நம்ம ஆபீஸ் சார். இது பிரெஞ்சு கோர்ட்டு."

"ஆபீஸ்னா எல்லாம் ஆபீஸ்தான். உங்க பிரெஞ்சுல அதுக்கு வார்த்த இல்லைன்னா சொல்லுங்க, இங்கிலீஷ்லயே அனுப்பிருவோம்."

இல்லாமல் என்ன? நிறைய இருந்தன. அதுதான் ஆபத்து. 'அன்ஸ்தாலே' என்று போடலாம். வந்து, வசதியாக உட்கார்ந்து, வேர்விட்டுவிட்டவன் என்று பொருள். அப்படி வேர்விட்டவனுக்கு அடைக்கலம் எதற்கு என்பார் நீதிபதி, பேனாவை மூடிவிடுவார். 'ரெக்லே' என்று போடலாம். அது தீர்த்து வைக்கப்பட்ட விவகாரம், முடிந்த வழக்கு. மனிதனுக்குப் பொருந்தாது. செட்டிலர் என்பதற்கு அகராதி 'கொலோன்' என்றது. அடுத்தவன் மண்ணைப் பிடிக்கக் கப்பலேறிப் போனவன். ரப்பர் மரத்தைக் கீறிக் கீறி விரல் மரத்துப்போன இந்தப் பெண்ணுக்கா அந்தப் பட்டம்? ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் எல்லா முகத்தையும் ஒரே முக்காட்டுக்குள் மறைத்து வைத்திருந்தது. பிரெஞ்சு ஒவ்வொரு முகமாக விலக்கிக் காட்டச் சொன்னது.

"அக்கா, இந்த வார்த்தைய எடுத்துரவா?" என்றாள் வைஜெயந்தி.

ஒச்சம்மா மேசையிலிருந்த மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே ஒரு படகின் கயிறு இழுபட்டு முனகிக்கொண்டிருந்தது.

"சிலோன்ல எங்கள இந்தியாக்காரன்னாங்க, பிள்ள. மண்டபம் கேம்ப்புல சிலோன்காரின்னாங்க. கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக்கு வந்த பொறவுதான் செட்டிலர்னு ஒரு கார்டு குடுத்தாங்க. சுனாமி அலையில எம்மவனோட அப்பா போனாரு, வீடு போச்சு, அந்தக் கார்டு மட்டும் எங்கூட வந்துச்சு." புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "அதையும் எடுத்துட்டா நான் யாருன்னு எழுதுவ?"

அன்பழகன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டே கால்.

வைஜெயந்தி திரும்பத் திரும்ப அகராதியைப் புரட்டுவதைப் பார்த்தால், ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இப்படி வியர்க்கிறாள் என்று யாரும் நம்புவார்கள். சட்டென்று அவளுக்கு ஒரு சொல் கிடைத்தது. 'தெபோசே.'

"அக்கா, இப்படிப் போடட்டுமா? எறக்கி வைக்கப்பட்டவங்க. மூட்டைய எறக்கி வைக்கிற மாதிரி."

ஒச்சம்மாவின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "அதான்! அதேதான் பிள்ள. ஹட்பேயில கொஞ்சம், கச்சால்ல கொஞ்சம்னு கப்பல்ல கொண்டாந்து எறக்கி வச்சுட்டுப் போனாக. எங்கள யாரு கேட்டா? ஏன் அன்பழகா, இருபத்தாறு வருசமா எழுதுற, இது ஒனக்குத் தோணலையே?"

"எனக்குத் தோணுனா பாபுக்குப் புரியணும்ல, சாச்சி?" என்று முனகினார் அவர்.

ஒவ்வொரு செட்டில்டும் விழுந்தது. அந்த இடங்களில் இறக்கி வைக்கப்பட்டார்கள், மறுபடி இறக்கி வைக்கப்பட்டார்கள், அலைக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இறக்கி வைக்கப்பட்டார்கள் என்று வரிகள் எழுந்தன. வைஜெயந்தி இதுவரை எழுதிய பிரெஞ்சிலேயே அதுதான் நல்ல பிரெஞ்சு. பிழை இல்லை, பொய் இல்லை. ஒரு நீதிபதி படித்தால் நிமிர்ந்து உட்காருவார். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அச்சுப் பொத்தானை அவள் அழுத்தவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"மொத வரி என்ன போட்ட?"

"நேரா விஷயத்துக்கு வந்துட்டேன்."

"அதெப்படி?" ஒச்சம்மா நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். "கடுதாசின்னா மொதல்ல நலம் சொல்ல வேணாமா? எழவுக் கடுதாசிக்குத்தான் நலம் போட மாட்டாக. 'ஒங்கம்மா ஒச்சம்மா இங்க நல்ல சொகத்தோட இருக்கேன். நேரத்துக்குச் சாப்புடுறேன். நீ கவலப்படாத'ன்னு போடு. அத மேல போடு. அத வாசிச்சாத்தான் அவன் மிச்சத்த வாசிப்பான்."

"அக்கா, இது கோர்ட்டுக்குப் போற பேப்பர். அவங்களுக்கு அதெல்லாம்…"

"போடுங்க மேடம்" என்றார் அன்பழகன், ஏதோ அவருடைய தொழிலுக்கே இழுக்கு வந்துவிட்டதுபோல. "ஒரு வரிதான. மனுதாரர் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சா மனுவுக்கு வெயிட்டு. ஜல்தி, ஜல்தி. பத்து நிமிஷம்தான் இருக்கு."

வைஜெயந்தி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். 'நான், ஒச்சம்மா, அவனுடைய தாய், நலமாக இருக்கிறேன்.' எட்டு வயதுக் குழந்தைகூட எழுதக்கூடிய பிரெஞ்சு. அதில் மயங்குவதற்கோ தயங்குவதற்கோ ஒரு சொல்லும் இல்லை. அதைத் தட்டி முடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

காகிதம் அச்சாகி வந்தது. ஒச்சம்மா பேனாவை வாங்கி, தோட்டத்துப் பள்ளியில் கற்ற ஐந்து எழுத்தையும் வரப்பில் நாற்று ஊன்றுவதுபோல ஒவ்வொன்றாக ஊன்றினாள். ஒ. ச். ச. ம். மா. கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம்வரை போயிற்று. ஸ்கேனரின் பச்சை விளக்கு அந்தப் பெயரின் மேல் மெல்ல ஊர்ந்து கடந்தது.

"போயிருச்சா, பிள்ள?"

கடிதம் திரையில் தயாராக இருந்தது. அனுப்பும் பொத்தானின்மேல் அம்புக்குறி நின்றது. பன்னிரண்டு இருபத்தாறு. அனுப்பினால் என்ன ஆகும் என்று வைஜெயந்திக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டு பாதையும் அதே சாயங்கால விமானத்தின் வாசலில்தான் போய் நின்றன. அவளால் முடிந்ததெல்லாம், எதிரே இருப்பவளின் கண்ணைப் பார்க்காமல் இருப்பது.

"போகுதுக்கா. நெட்டு கொஞ்சம் ஸ்லோ."

"போவட்டும், போவட்டும்." ஒச்சம்மா நாற்காலியில் முதல்முறையாக முதுகைச் சாய்த்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். "அவனும் அங்க ஏதோ எழுதிக் குடுத்திருப்பான்ல? என்னயப் பத்தி ஒரு வரியாச்சும் எழுதாம இருக்க மாட்டான்."

எழுதியிருந்தான். வக்கீல் அனுப்பிய கோப்பின் இரண்டாம் பக்கத்தில், முத்துகிருஷ்ணன் சத்தியம் செய்து கையொப்பமிட்ட வாக்குமூலத்தில், அவளுக்கென்று ஒரே ஒரு வரி இருந்தது.

'தாய்: இறந்துவிட்டார். டிசம்பர் 26, 2004, கச்சால். உடல் கிடைக்கவில்லை.'