தையல் மெசினும் மண்ணீரலும்

போர் முடிந்து அடம்பனில் மீளக்குடியேறிய ஆண்கள் நாலுபேர் கூடினால் சட்டையைத் தூக்கித் தழும்பு காட்டுவது வழக்கமாகியிருந்தது. பரமநாதனின் தழும்பு நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புளையும் தாண்டி இறங்கும். "ஆட்லறி செல் பட்டது. மண்ணீரலையே எடுத்துப்போட்டினம்" என்பார். உடனே யாராவது தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள்.

உண்மை வேறு. இடம்பெயர்ந்து போகையில், வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட, சாமான் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி சரிந்தது. மனைவி கனகம்மாவின் தையல் மெசின் அவர் வயிற்றில் விழுந்தது. ஊர் முழுக்க ஆட்லறியோடு மல்லுக்கட்டியபோது தனக்கு மட்டும் தையல் மெசினா என்று அவருக்கு வெட்கம். வயிற்றை வெட்டி மண்ணீரலை எடுத்த ஆசுபத்திரியின் துண்டுச்சீட்டுகள் ஓட்டத்தில் தொலைந்தன. பிறகு மன்னார் ஆசுபத்திரியில் கேட்டபோதும் வாய்ப்பழக்கத்தில் "செல்" என்றே வந்தது. அப்படியே எழுதியும் விட்டார்கள்.

2010 ஐப்பசி. ஊர் திரும்பியபின் முதல் காலபோக நெற்செய்கை. வயலை உழுது மழை பார்த்திருந்த நேரம் வயிறு குத்தியது. ஸ்கானில் ஆறு கட்டிகள் தெரிந்தன. படம் எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பரமநாதன் தானே மொழிபெயர்த்து, புற்றுநோய் என்று முடிவுகட்டிவிட்டார்.

"விதைநெல் மூட்டையை அவிழ்க்காதை. விதைச்சிட்டு நான் போயிட்டா ஆர் வெட்டுறது?"

"வெட்டுறவை வெட்டுவினம். நீங்கள் இருந்தாலும் வரம்பில நிண்டு கதைதானே சொல்லுறனீங்கள்" என்றாள் கனகம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

முடிவு கேட்க இருவரும் மன்னாருக்குப் போனார்கள். டொக்டர் ஸரீனா பக்கத்து எருக்கலம்பிட்டிப் பிள்ளை. படத்தைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், பரமநாதனின் வயிற்றையும் பார்த்தார்.

"ஐயா, செல் எண்டால் இரும்புத்துண்டைச் சுத்தி வந்த கட்டியாவும் இருக்கலாம். அப்ப திறந்துதான் பாக்கவேணும். ஆனா உங்கட இரத்தம் வேற கதை சொல்லுது."

"என்ன கதை, டொக்டர்?"

"காலில முள்ளுக் குத்தினா அரையில நெறி கட்டுமெல்லோ? அந்தக் கணுக்கள் நிணநீரை வடிச்சுக் கிருமியைப் பிடிக்குது. இரத்தத்தை வடிக்கிறது மண்ணீரல். கிழட்டுச் செங்குழியத்தை, சிவப்பு அணுவை, பிடிச்சு உடைக்கும். நல்லதுக்குள்ள குப்பை கிடந்தா குப்பையை மட்டும் கிள்ளி எடுத்துப்போட்டு குழியத்தைப் போகவிடும். மண்ணீரல் இல்லாத ஆளின்ர இரத்தத்தில அந்தக் குப்பை மிதக்கவேணும். உங்கட இரத்தம் கூட்டிப் பெருக்கின வீட்டு முற்றம் மாதிரிக் கிடக்கு. ஆர் கூட்டுறது?"

பரமநாதன் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. செல் எங்கால உள்ளுக்குப் போனது? வெட்டின தழும்பைத் தவிர வேற காயம் தெரியேல்லையே."

"அது... டொக்டர்..."

"தையல் மெசின்" என்றாள் கனகம்மா. "என்ர தையல் மெசின். வயித்தில விழுந்தது."

சாகக் கிடக்கும்போதும் மானத்தை வாங்குகிறாளே என்று பரமநாதன் கதிரையில் குறுகினார். ஆனால் டொக்டர் ஸரீனா எழும்பியே விட்டார்.

"அப்ப நசுங்கி வெடிச்சிருக்கு! வெடிச்சதில துண்டுகள் வயிறு முழுக்கச் சிதறியிருக்கும். பெரிசைத்தான் எடுத்திருப்பினம். சிதறினது விழுந்த இடத்தில ஒட்டி, இரத்தக்குழாயை இழுத்து எடுத்து, வளர்ந்து, வேலையும் தொடங்கியிட்டுது. இது ஆறும் குட்டி மண்ணீரல், ஐயா! இன்னொரு ஸ்கான் எடுத்து உறுதிப்படுத்துவம். வெட்டத் தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப வயித்துக்குத்து?"

"வாய்வு."

பரமநாதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தான் முகாம் முகாமாகப் பதிவுத்துண்டோடு வரிசையில் நின்ற காலத்தில், இதுகள் ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் போகாமல், ஒரு கூரைத் தகரமும் கேட்காமல், உள்ளே குடியேறியிருக்கின்றன. அவர் செல் கதை அளந்து தேத்தண்ணி குடித்த நேரமெல்லாம் இரத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. இவ்வளவு கெட்டித்தனம் தன் உடம்பில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா முழுக் காவல் எண்டு நம்பாதையுங்கோ" என்றார் டொக்டர். "தடுப்பூசி போடவேணும். காய்ச்சல் வந்தா நாளைக்குப் பாப்பமெண்டு படுக்கக்கூடாது, உடன வாங்கோ."

அடம்பன் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது மழை தூறியது. பக்கத்து வயல்காரர் யாகப்பர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்னவாம் பரமநாதன்? செல்லுத் துண்டோ?"

பரமநாதன் கனகம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்; மழையா வேறையா என்று தெரியவில்லை.

"செல் இல்லை, அண்ணை. இவளின்ர தையல் மெசின்தான் என்ர வயித்தில விழுந்தது."

"ஐயோ, உனக்கு எத்தினை தேத்தண்ணி வாங்கித் தந்தனான்!"

"நாளைக்கு வாங்கோ, நான் ஊத்தித் தாறன். இப்ப விடுங்கோ, விதைநெல் மூட்டையை அவிழ்க்கவேணும். நிலம் நனையுது."