முக்கா மில்லியின் கையெழுத்து

சுவர் என்றால் நின்றுகொண்டிருக்கும் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. முக்கா மில்லியைக் கேட்டால் சிரிப்பாள். அவள் வேலை பார்க்கிற யார்டில் சுவர் படுத்துத்தான் பிறக்கும். இரும்பு மேசை மேல் அச்சைக் கட்டி, கம்பி வலையை உள்ளே இறக்கி, கான்கிரீட்டை ஊற்றி, மேசையை ஒரு குலுக்குக் குலுக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடி நீராவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான். சுவர் மட்டுமா? தளப் பலகை, உத்திரம், மாடிப்படி, எல்லாவற்றுக்கும் அதுதான் பிறந்த வீடு.

அங்கே அவள் வேலை அளந்து பார்ப்பது. கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு கையெழுத்து, லாரி கிளம்பும் முன் ஒரு கையெழுத்து. இந்த இரண்டும் விழாமல் அந்த யார்டில் ஒன்றும் அசையாது. வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், "முக்கா மில்லி கோணலா இருக்கு, பிரிச்சுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். அளக்கிற டேப்பில் முக்கால் மில்லிக்குக் கோடே கிடையாது! அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயே போய்விட்டது. கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும், ஆறு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட சாமான் ஒன்றுகூட, கட்டடம் எழும்புகிற சைட்டில் பொருந்தாமல் திரும்பி வந்தது கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அவள் படுக்கவைத்து அனுப்புவதை நிமிர்த்தி நிறுத்துகிறவன் அவள் புருஷன். கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலே இருந்து கீழே நடப்பது பாதி தெரியாது. கீழே நின்று ஏற்று, இறக்கு, நில் என்று கை காட்டுகிறவன் இவன். அதனால் சைட்டில் இவனுக்குப் பெயர் கைகாட்டி. தரையிலிருந்து முளைத்து நிற்கிற நாலு கம்பியும், சுவரின் அடியில் விட்டிருக்கிற நாலு துளையும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். இவன் இரண்டு விரலை லேசாக மடக்குவான், ஆறு டன் சுவர் அரை அங்குலம் இறங்கும். இன்னும் கொஞ்சம் மடக்குவான், டிபன் பாக்ஸுக்கு மூடி போட்ட மாதிரி போய் உட்காரும். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

இந்தத் தடவை எழும்பிக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம். அதுவும் இவர்கள் மகள் படிக்கிற பள்ளிக்கூடம். பழைய கட்டடத்தை இடித்த பிறகு பிள்ளைகள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கொட்டகையில் முதுகோடு முதுகு. மழை பெய்தால் டீச்சரின் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் கேட்காது. இவர்கள் மகள் மூன்றாம் வகுப்புக் கணக்கைத் தப்பாகப் போட்டாள், நான்காம் வகுப்புக் கணக்கைச் சரியாகப் போட்டாள். திட்டுவதா கொஞ்சுவதா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வெறும் தரையில் எட்டே நாளில் ஏழு வகுப்பறைகள் எழுந்து நின்றுவிட்டன. நேற்று புல் முளைத்திருந்த இடத்தில் இன்று மாடிப்படி. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பாக்கி ஒரே ஒரு சுவர், அதன் மேல் நாலு தளப் பலகை. அது முடிந்தால் திங்கட்கிழமை புது வகுப்பில் உட்காரலாம். சுவர் போய்ச் சேரும் நாளுக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடியாவிட்டால், கிரேன் வேறு வேலைக்குப் போய்விடும், திரும்பி வர இரண்டு மாதம். மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தகரக் கொட்டகைதான்.

அந்தக் கடைசிச் சுவர் சைட்டுக்குப் போன அன்று காலை பத்து மணிக்கு அவளுடைய போன் அடித்தது.

"ஏம்மா, வாசல் எந்தப் பக்கம் வெச்சீங்க?" கைகாட்டியின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம்னா? வரைபடத்துல இருக்கற பக்கம்தான்."

"இங்க இடது வலதா மாறியிருக்கும்மா. கதவைத் திறந்தா வராந்தா வரணும். இப்ப மாடிப்படியோட அடிவயிறுதான் வருது. புள்ளைங்க மண்டையை இடிச்சிக்கிட்டுத்தான் கிளாஸுக்குப் போகணும்."

போனைக் கையில் பிடித்தபடியே அவள் வரைபடம் ஒட்டியிருந்த ஜன்னலுக்கு ஓடினாள்.

விஷயம் இதுதான். மேசை மேல் சுவரின் வெளிப்பக்கம் அடியில் இருக்கும். வரைபடமோ வெளியே நின்று பார்க்கிற மாதிரி போட்டிருக்கும். அப்படியே பார்த்துக் கட்டினால் இடது வலதாகிவிடும். அதனால் அந்த யார்டில் ஒரு பழக்கம்: காகிதத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வெளிச்சத்தில் பின்பக்கமாகத் தெரிகிற கோட்டைப் பார்த்துத்தான் அச்சைக் கட்டுவார்கள். வரைபடம் போடுகிறவர் புதிதாக வந்தவர், நல்ல மனசு. பாவம், இவர்கள் ஏன் தினமும் கஷ்டப்பட வேண்டும் என்று கடைசிச் சுவரை அவரே திருப்பிப் போட்டு, மூலையில் அதைச் சொல்லி ஒரு வரியும் எழுதி அனுப்பியிருந்தார். அந்த வரியை யார் படித்தது? இவர்கள் வழக்கம்போல இன்னொரு தடவை திருப்பினார்கள். அவளும் வழக்கம்போல அளந்தாள். ஒவ்வொரு அளவும் அச்சு அசலாகச் சரியாக இருந்தது. சுவரே மாறிப்போனதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "யாரு தப்பு இது?" என்றார். வரைபடக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் தப்பு சார். மூலையில எழுதியிருக்கு. நான் படிக்கல. கையெழுத்து என்னோடது" என்றாள் அவள்.

பூசி மெழுகாமல் ஒருத்தி இப்படிச் சொன்னால் எந்த மேனேஜராலும் கத்த முடியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கயே வாசலை வெட்டி மாத்திக்க முடியாதா?" என்று கேட்டார்.

"வெட்டித் தைக்கறதுக்கு இது என்ன பாவாடையா சார்? வெட்டினா உள்ள இருக்கற கம்பி போயிரும். அந்தச் சுவரு ரெண்டு மாசம் கழிச்சு எதிர்ப்பக்கம் கட்டப்போற கட்டடத்துக்கு அப்படியே பொருந்தும், வீணாகாது. இங்க புதுசா ஊத்துவோம். நாளைக்கு மத்தியானம் குடுத்துரலாம்."

ஒரு நாளில் ஒரு சுவரா என்று வெளியாள் யாராயிருந்தாலும் சிரித்திருப்பான். அந்த யார்டில் யாரும் சிரிக்கவில்லை. கம்பி கட்டுகிற பெண்கள் நாலு பேர் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை. விரல்கள் ஓடிய வேகத்தில் முடிச்சு விழுவது கண்ணுக்கே தெரியவில்லை. அச்சுக்காரர்கள் வாசலுக்கான இரும்புச் சட்டத்தைக் கழற்றி மறுபக்கம் பூட்டினார்கள். இந்தத் தடவை முக்கா மில்லி அளப்பதற்கு முன்னால் வரைபடத்தின் நாலு மூலையையும் சத்தம் போட்டுப் படித்தாள், கம்பெனி விலாசத்தைக்கூட விடவில்லை. இரண்டு மணிக்கு கான்கிரீட் விழுந்தது. அதே கலவையில் ஆறு சின்னக் கட்டைகளையும் வார்த்து, சுவரோடு சேர்த்து அதே தார்ப்பாய்க்குள் வைத்தாள்.

அந்தக் கட்டைகள்தான் சுவருக்கு நாடி. லேபில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். நசுங்கும்போது மெஷின் பலத்தை இருபது என்று காட்டினால் சுவரைத் தூக்கலாம். அதற்குக் கீழே என்றால், சுவருக்குள் புதைத்திருக்கிற தூக்குக் கொக்கியைக் கான்கிரீட் இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று நம்ப முடியாது. கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தால் ஆறு டன்னும் கீழே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லேப் அண்ணன் இரண்டு கட்டையை நசுக்கினார். பதினாறு. பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்றார்கள். பதினொரு மணிக்கு இன்னும் இரண்டு. பத்தொன்பதரை.

"அப்பாடா" என்றார் மேனேஜர். "லாரி ரெடியா இருக்கு. கையெழுத்தைப் போடும்மா."

"இருபது வரலியே சார்."

"அரைதானே குறையுது! போற வழியில ஏறிரும்."

"ஏறும். ஆனா போற வழியில நசுக்கிப் பாக்க முடியாதே."

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் தங்கை பிள்ளையும் அதே கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தான். மூன்று மணிக்குள் சுவர் சைட்டில் இறங்காவிட்டால் தளப் பலகை போட நேரம் கிடைக்காது என்பது அவர் கவலை. "நேத்து முழுச் சுவரையே மாத்திப் போட்டீங்க. இன்னைக்கு அரைக்கு ஒத்தைக் கால்ல நிக்கறீங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சொன்னது உண்மைதானே.

அதற்குள் கைகாட்டியிடமிருந்து போன். பின்னால் கிரேன் இரைச்சல்.

"பத்தொம்பதரை வந்திருச்சாமே! அனுப்பிச்சிரு. கிரேன்காரரு இப்பவே மூட்டை கட்டறாரு. புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"ஒரு மணிக்கு இன்னும் ரெண்டு கட்டை இருக்கு. வந்தா அனுப்பறேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா அனுப்ப மாட்டேன்."

"உயிரை வாங்காதே. அரை பாயிண்டுக்கு ரெண்டு மாசமா?"

"ஆமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நேற்றுத் தப்புப் பண்ணினவள் இன்று சட்டம் பேசுகிறாள் என்று யார்டே பார்ப்பது போலிருந்தது. பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தால் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அவள் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குக் கடைசி இரண்டு கட்டைகள். வேலையை விட்டுவிட்டு யார்டு மொத்தமும் லேப் வாசலில் நின்றது. மெஷின் முனகியது. பதினெட்டு தாண்டியது, பத்தொன்பதரை தாண்டியது. லேப் அண்ணன் வாய் விட்டு எண்ணினார். "இருபது... இருபத்தி ஒண்ணு..." இருபத்திரண்டில் கட்டை படீரென்று வெடித்தது. இன்னொன்று இருபத்திரண்டரை. கம்பி கட்டுகிற பெண்களில் ஒருத்தி விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

முக்கா மில்லி கையெழுத்துப் போட்டாள், சீட்டை டிரைவரிடம் கொடுத்தாள், அவளும் லாரியில் ஏறிக்கொண்டாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு லாரி சைட்டில் நுழைந்தது. கைகாட்டி அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சீட்டை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினான். கோபம் எங்கே போகும்? ஆனால் கை காட்ட ஆரம்பித்ததும் அவன் முகத்தில் வேறு ஒன்றுமே இல்லை. சாய்ந்து கிடந்த சுவர் மெதுவாக நிமிர்ந்தது, லாரியை விட்டு எழும்பியது, காற்றில் ஒரு சுற்றுத் திரும்பியது. அவன் அதற்குக் கீழே, நாலு கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு விரலை மடக்கினான். நாலு கம்பியும் நாலு துளைக்குள் சத்தமில்லாமல் போயின. வாசல் வராந்தாவைப் பார்த்து நின்றது. நாலு மணிக்கு முதல் தளப் பலகை, ஐந்தே கால் மணிக்குக் கடைசிப் பலகை. கிரேன்காரர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. என்ன மனிதர்கள்!

எல்லாம் முடிந்ததும் கைகாட்டி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபம் போயிருந்தது.

"சரி, ஜெயிச்சிட்டே. காலையிலேயே அனுப்பியிருந்தா நிதானமாப் பண்ணியிருக்கலாம்" என்றான்.

"பத்தொம்பதரைன்னு போட்டு அனுப்பியிருந்தா தூக்கியிருப்பீங்களா?"

"தூக்காம? உன் கையெழுத்து இருக்கான்னு பாப்பேன், மடிச்சுப் பையில வெச்சுக்குவேன். ஆறு வருஷமா அதானே பண்றேன். அதுல நம்பரு எங்க போட்டிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம், எத்தனை சுவர், எத்தனை பலகை! அத்தனையும் தொங்கும்போது இந்த மனிதன் ஒரு எழுத்தையும் படிக்காமல் அவளை மட்டும் நம்பிக் கீழே போய் நின்றிருக்கிறான். அவள் கண் நிறைந்துவிட்டது. அதோடு கோபமும் வந்தது.

"நேத்து நான் தப்புப் பண்ணினேனா இல்லையா?"

"விடு, அது ஏதோ..."

"பண்ணினேனா?"

"பண்ணினே."

"நாளைக்கும் பண்ணுவேன். நான் மனுஷிதானே?"

அவன் பையிலிருந்து சீட்டை அவளே உருவிப் பிரித்தாள். அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, இருபத்திரண்டு என்று எழுதியிருந்த கட்டத்தின் மேல் அழுத்தி வைத்தாள்.

"படிங்க."

"இருபத்திரண்டு."

"சத்தமா."

"இருபத்திரண்டு!" என்றான் கைகாட்டி. கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் விரலை விடவே இல்லை.