பத்மநாபன் பேசிய மூன்று நிமிடம்

எங்கள் ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்கும் போர்டில் ஒன்பது பேர். அதில் நான் ஒருத்தி. பேர் தாமரைச்செல்வி. தமிழர்களுக்குச் செல்வி அக்கா, மற்றவர்களுக்கு மிஸ் செல்வி. சம்பளம் கிடையாது. மாதம் இரண்டு கூட்டம், நூறு பக்கம் படிப்பு, தினமும் யாரிடமாவது திட்டு. ஊர் அமெரிக்காவில், பார்சிப்பனிக்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேரைச் சொன்னால் நாளைக்கே போன் வரும்.

மூன்று வருடத்துக்கு முன் என்னைத் தேர்தலில் நிற்க வைத்தவர் மகாதேவன். மருந்து கம்பெனி ஒன்றில் பெரிய பதவி. ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆனதால், யார் வீட்டு விசேஷமானாலும் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். போர்டில் நம் ஆள் ஒருவராவது வேண்டும் என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தார். நானூறு பேர் சேர்ந்தார்கள். "நம்ம ஓட்டு அக்காவுக்கே" என்று ஆளாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். அதில் ஓட்டு இருந்தவர்கள் தொண்ணூறு பேர்கூட இல்லை. மீதிப் பேர் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள். அது தெரிந்தபோது தேர்தலுக்குப் பத்து நாள்தான் பாக்கி. அப்புறம் மழையில் நனைந்துகொண்டு முன்பின் தெரியாத வீட்டுக் கதவுகளைத் தட்டித்தான் ஜெயித்தேன். ஆனாலும் இன்றுவரை போகிற இடமெல்லாம், நாங்க போட்ட ஓட்டு, நாங்க போட்ட ஓட்டு என்று அதே பேச்சுதான்.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே, மேல்வகுப்புக் கணக்கை முன்கூட்டியே நடத்தும் வேகக் கணக்கு வகுப்பு. நானும் அதைச் சொல்லித்தான் நின்றேன். தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

இந்த வருடம் பள்ளி நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தனி வகுப்பு இருக்கிறது. பதினொரு பிள்ளைகள். அதை மூடிவிட்டு, அந்தப் பிள்ளைகளை ஐம்பது நிமிடம் தள்ளி, பல ஊர்களுக்குப் பொதுவாக இருக்கும் ஒரு கூட்டு மையத்துக்கு வேனில் அனுப்புவது. அதில் மிச்சமாகும் ஆசிரியர் இடங்களைக் கணக்கு வகுப்புக்குக் கொடுப்பது. மார்ச்சில் முதல் ஓட்டு, ஏப்ரல் கடைசியில் இறுதி ஓட்டு. மகாதேவன் அன்றே எனக்குப் போன் செய்து, கேட்டது கிடைத்துவிட்டது என்று வாழ்த்துச் சொன்னார். அந்தப் பதினொரு பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அவங்களுக்கு அங்கே இன்னும் நல்ல வசதி இருக்குமாம் என்றார். வகுப்பையும் பார்த்ததில்லை, மையத்தையும் பார்த்ததில்லை, இந்த "இருக்குமாம்" மட்டும் எங்கிருந்துதான் வருமோ.

அந்த வாரச் சனிக்கிழமை புஷ்பவல்லி என் வீட்டுக்கு வந்தாள். பத்மநாபனின் மனைவி. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க் கணக்குப் போடுகிறவர். இவள் வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை செய்கிறாள். இருவரையும் நான்கு வருடமாகத் தெரியும். அவர்கள் பையன் ரோஹனைத்தான் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பொங்கல் விழாவா, ரோஹனுக்கு ஜுரம். யார் வீட்டுப் பிறந்தநாளா, ரோஹனுக்கு ஜுரம். ஏதோ தனியார் மாண்டசோரியில் படிக்கிறான் என்று எல்லோரும் நம்பினோம். இந்தப் பிள்ளைக்கு ஏன் இப்படி அடிக்கடி உடம்புக்கு வருகிறது என்று நானே ஒருமுறை ஊர்வம்பாகப் பேசியிருக்கிறேன்.

அவள் உட்காரவில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

"அந்த க்ளாஸ்ல என் பையன் இருக்கான் அக்கா. ரெண்டு வருஷமா இருக்கான். இப்பதான் பாத்ரூம் போகணும்னா கை காட்டுறான். வேன்ல ஒரு மணி நேரம்லாம் அவனால முடியாது. சீட் பெல்ட்ட கழட்டிட்டு டோரைத் தொறப்பான். நம்மாளுங்க பசங்க இன்னும் மூணு பேர் அங்க இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன். நீங்களும் என் பேரைச் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதன்பின் கூட்டத்துக்கு வந்து பேசு என்று கெஞ்சினேன். போர்டு கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். மைக்கில் பேரும் விலாசமும் சொல்ல வேண்டும், மூன்று நிமிடம் தருவார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பேரும் விலாசமும்தான் அக்கா பிரச்சினை என்றாள்.

சரி, ஓட்டு என் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். மூடக் கூடாது என்பவர்கள் என்னோடு நான்கு பேர். மூட வேண்டும் என்பவர்கள் நான்கு பேர். நடுவில் மிசஸ் கோவால்ஸ்கி. ஓய்வுபெற்ற நூலகர், எழுபது வயது, யார் பேசினாலும் குறிப்பு எடுக்கிற மனுஷி. அவரிடம் இரண்டு முறை பேசினேன். வகுப்பு இருக்கட்டும் என்றுதான் அவருக்கும் தோன்றுகிறது, ஆனால் பெற்றோர் யாரும் வந்து பேசவில்லையே என்றார்.

மார்ச் கூட்டத்துக்கு மகாதேவன் அறுபது பேரைத் திரட்டிவிட்டார். எல்லோர் சட்டையிலும் நீல ஸ்டிக்கர். பேசுவதற்கு என்று பன்னிரண்டு பேர் பட்டியல் வேறு. ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் ஒலிம்பியாட் மெடலைப் பற்றிப் பேசினார்கள். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது எங்கள் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவதாக மைக்குக்கு வந்தவர் பத்மநாபன்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பேரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டு, கையில் இருந்த தாளைப் பார்த்து நல்ல ஆங்கிலத்தில் படித்தார். பதினொரு பிள்ளைகளுக்காக ஆயிரம் பிள்ளைகளின் முன்னேற்றத்தைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை என்றார். நிபுணர்கள் இருக்கும் மையத்துக்கு அனுப்புவதுதான் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அன்பு என்றார். ஒரு தகப்பனாகச் சொல்கிறேன் என்றார். எழுந்து, ஐயா உங்கள் பையன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்க எனக்கு ஒரு நொடி போதும். வாக்குக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் செய்ததில்லை.

மிசஸ் கோவால்ஸ்கி குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுக்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் பேசலாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தான் இன்று காலைவரை வேறு மாதிரி நினைத்திருந்ததாகவும், பத்மநாபன் என்கிற அந்தத் தகப்பனார் வெறுப்பில்லாமல், அன்போடு பேசியது தன் மனதை மாற்றிவிட்டதாகவும் சொன்னார். ஐந்துக்கு நான்கு. வகுப்பை மூடுவது என்று முதல் ஓட்டு முடிந்தது. அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்மநாபனும் தட்டினார். அவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

பார்க்கிங்கில் என் காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். புஷ்பவல்லி என்னிடம் வந்தது அவருக்குத் தெரியாது. நான் போர்டில் இருப்பதால் பிள்ளைகள் பட்டியல் என் கைக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படியெல்லாம் வராது. நான் திருத்தவில்லை.

"மேடம், நீங்க கீப் பண்ணத்தான் ஓட்டுப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தம்மாவும் உங்க சைடுதான்னு கேள்விப்பட்டேன். அஞ்சு-நாலுன்னு கால்குலேட் பண்ணிட்டுதான் பேசினேன். எப்படியும் க்ளாஸ் இருக்கும்னு நினைச்சேன்."

"அப்ப எதுக்குப் பேசினீங்க?"

"மகாதேவன் சார் லிஸ்ட்ல பேரைப் போட்டுட்டார். மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? நாலு பேர் நாலு விதமா யோசிப்பாங்க." இங்கும் அங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பேர் வராம, நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை வைத்துச் சூதாடிவிட்டு, தோற்றதும் என்னிடம் கையேந்துகிறார். தன் பேச்சை யாராவது நம்பிவிடலாம் என்கிற சாத்தியம் மட்டும் இந்த ரிஸ்க் நிபுணரின் கணக்கில் வரவே இல்லை.

"முடியாது. உங்க பிள்ளை. நீங்க போய்ச் சொல்லுங்க. அதோ நிக்கிறாங்க, இன்னும் கார் எடுக்கல."

மிசஸ் கோவால்ஸ்கி நான்கு கார் தள்ளிக் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நிறைய நேரம் தேடினார். வாசலில் மகாதேவனும் ஆட்களும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்மநாபன் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். "பத்து" என்று யாரோ அவர் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டார்கள். போட்டோவுக்குப் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே புஷ்பவல்லி போன் செய்தாள். கூட்டத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டுவார்கள். வகுப்பு என்ன ஆகிறது என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். ஜிம்முக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய புருஷன், திரையில் மைக் முன்னால் நின்றிருக்கிறார். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அடுத்த ஓட்டு என்றைக்கு, பேசுவதற்கு எங்கே பேர் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

நடுவில் இருந்த ஐந்து வாரத்தில் மகாதேவன் என்னை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். நவம்பரில் திரும்ப நிற்கப்போகிறேனா என்று விசாரித்தார். நிற்கிறேன் என்றேன். இப்படிச் சொந்த ஆட்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டால் எப்படி என்றார். அந்தப் பதினொன்றில் நாலு பேர் யாருடைய ஆட்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவருக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்க இஷ்டம் அங்கிள் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் கூட்டத்துக்கும் நீல ஸ்டிக்கர் வந்தது. பத்மநாபன் மூன்றாவது வரிசையில் மகாதேவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசுபவர்களில் ஆறாவதாகப் புஷ்பவல்லியின் பேரைப் படித்தார்கள். அவள் பின்கதவிலிருந்து ரோஹனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஏழு வயது. காதில் பெரிய ஹெட்போன். மைக் பக்கத்தில் நின்று, தரைவிரிப்பின் ஓரத்தைக் காலால் தடவிக்கொண்டிருந்தான். ஸ்டிக்கர்க்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

பேரையும் விலாசத்தையும் சொன்னாள். போன மாதம் இங்கே பேசிய பத்மநாபன் என் கணவர், இவன் எங்கள் மகன், நீங்கள் மூடப்போகும் வகுப்பில்தான் படிக்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் கை காட்டக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். வேன் கதவைத் திறந்துவிடுவான் என்பதைச் சொன்னாள். என் கணவர் சொன்னது பொய் இல்லை, பயம் என்றாள். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். மிச்சம் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள், யாராவது ஏதாவது கேட்கட்டும் என்பதுபோல.

மிசஸ் கோவால்ஸ்கி பேனாவைக் கீழே வைத்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பத்மநாபன் எழுந்து, முட்டிகளில் இடித்துக்கொண்டே வரிசையைத் தாண்டி, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். அப்பா போவதை ரோஹன் திரும்பிப் பார்த்தான்.

இந்த முறையும் ஐந்துக்கு நான்குதான், மிசஸ் கோவால்ஸ்கி மட்டும் பக்கம் மாறியிருந்தார். வகுப்பு இருக்கும். எனக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. அந்த மண்டபத்தில் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளின் அம்மா அப்பா இருந்திருக்கலாம். அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து இவள் ஒருத்தியே அம்பலத்தில் நிற்க வேண்டியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் அடித்த நோட்டீஸிலும் இந்த வகுப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் கீழே இறங்கி வந்தபோது மகாதேவன் அவளை மறித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் நீல ஸ்டிக்கர்கள். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான், அதில் சந்தேகமில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரல்.

"ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. நாங்கல்லாம் என்ன வெளி ஆளுங்களா?"

"சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பீங்க அங்கிள்?"

"பத்மநாபனைப் பேசச் சொல்லிருக்க மாட்டோம்மா."

புஷ்பவல்லி குனிந்து பையனின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வேற யாரையாவது பேச வெச்சிருப்பீங்க."

மகாதேவன் ஓரடி பின்வாங்கினார். நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள். அவள் ரோஹனை அழைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் நடந்து வெளியே போனாள்.