‘மு’ போட்ட பெட்டி

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாமல், தாளில் எடை எழுதியிருந்த கட்டத்தையே மொக்கைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி ஒன்று. கிராஸ் வெயிட் நூற்றிருபத்தாறு கிலோ. முப்பது வருஷமாக பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவர். அட்டைப்பெட்டி ஒவ்வொன்றின் மேலும் கிராஸ் வெயிட், நெட் வெயிட் என்று ரெண்டையும் எழுதித்தான் பழக்கம். இந்தத் தாளில் ஒன்றுதான் இருந்தது. பெட்டி எவ்வளவு, பிள்ளை எவ்வளவு என்று யாரும் பிரித்து எழுதியிருக்கவில்லை.

“மச்சான், போடுங்க. அந்தம்மா நிக்கிறாங்கல்ல” என்றான் லிங்கசாமி. மனைவியின் தம்பி. மூன்று நாளாக ஷார்ஜாவுக்கும் இங்கேயும் போன் பேசிப் பேசி அவன் தொண்டை கட்டிவிட்டது.

மொக்கைச்சாமி கையெழுத்துப் போட்டார். கோவை விமான நிலையத்தின் கார்கோ ஷெட் அது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு நிற ஒளிர்சட்டை போட்டுக்கொண்டு நின்ற பெண்ணின் பெயர் தமிழ்மதி. அந்த ஷிப்டின் சூப்பர்வைசர். தாளை வாங்கி ஒழுங்காக மடித்து வைத்தாள்.

“ப்ளைட் இறங்க இன்னும் அரை மணி நேரம் ஆகுமுங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. தண்ணி கொண்டாரச் சொல்லட்டுங்களா?”

“வேணாம்மா.”

உட்கார்ந்தார். லிங்கசாமி ஆம்புலன்ஸ்காரரோடு பேச வெளியே போனான். சட்டைப் பையில் போன் கனத்தது. திங்கட்கிழமையிலிருந்தே அது அப்படித்தான் கனக்கிறது. எடுத்துத் தூரப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் மகன் முனீஸ் ஷார்ஜா ஏர்போர்ட்டில் ராம்ப்பில் வேலை பார்த்தான். விமானம் வந்து நின்றதும் வயிற்றுக்குள் குனிந்து ஏறி மூட்டை முடிச்சுகளை இறக்குகிற வேலை. ஊரில் கேட்பவர்களிடம் அவர் மனைவி சின்னத்தாய், “ப்ளேன்ல வேலை” என்று மட்டும் சொல்லிவைப்பாள். அப்படிச் சொன்னால் மேலே கேட்க மாட்டார்கள். இங்கிருந்து போகிற பனியன் பெட்டிகளும் அவன் கை வழியாகத்தான் அங்கே இறங்கும். ஒருநாள் போனில் சொன்னான்:

“உங்க கம்பெனி பெட்டி வருதுப்பா. ஆனா நீங்க கட்டுனதா வேற ஆளு கட்டுனதான்னுதான் தெரிய மாட்டேங்குது.”

அன்றிலிருந்து மொக்கைச்சாமி, கப்பலில் போகாமல் ஏரில், விமானத்தில் போகிற பெட்டிகளின் அடி மூலையில், செக்கிங்காரர் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து, மார்க்கரால் ‘மு’ என்று எழுத ஆரம்பித்தார். வாலை மட்டும் கொஞ்சம் நீட்டிவிடுவார். ஐம்பத்தாறு வயதில் செய்கிற காரியமா என்றால், இல்லைதான். செய்தார்.

ஒரு ஆர்டர் ஏரில் போகிறது என்றால் கம்பெனியே எழவு வீடு மாதிரி இருக்கும். கப்பலைத் தவறவிட்டுவிட்டோம், லாபம் போச்சு என்று ஓனர் யார் மேலாவது எரிந்து விழுவார். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பையன் சாப்பிடாமல் அலைவான். அத்தனை பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கும்போது பேக்கிங் டேபிளில் ஒரு ஆள் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு மார்க்கரைத் தேடுவார். இது வெளியே தெரிந்தால் வேலையே போயிருக்கும்.

பெட்டி கையில் சிக்கினால் முனீஸ் பிரேக்கில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்.

“எடுத்துப்புடாதீங்கப்பா. எடுத்தா பேசணும், பேசுனா சூப்பர்வைசர் பாப்பான். ரெண்டு ரிங்கு வந்தா பெட்டி வந்துருச்சுன்னு அர்த்தம்.”

மொக்கைச்சாமி ஒருநாளும் எடுத்ததில்லை. பத்துத் தடவை பெட்டி போனால் ரெண்டு தடவைதான் அவன் ஷிப்டில் மாட்டும். அந்த ரெண்டு தடவைக்காக எட்டுத் தடவை காத்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டுப் பெட்டி கட்டி அனுப்பினார். திங்கட்கிழமை காலை ப்ளைட் என்று சொன்னார்கள். அன்று மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, எப்போதும் வருகிற நேரத்துக்குத்தான், பையில் போன் அடித்தது. கையில் டேப் இருந்தது. ரெண்டு ரிங்கில் நிற்கவில்லை. மூன்று, நான்கு என்று முழுதாக அடித்து ஓய்ந்தது. பயல் சந்தோஷத்தில் கட் பண்ண மறந்துவிட்டான் என்று நினைத்தார். பக்கத்து மேசைப் பெண்ணிடம், “பெட்டி எறங்கிருச்சு” என்றுகூடச் சொன்னார். ரெண்டாம் தடவையும் அடித்தது. அதையும் எடுக்கவில்லை.

சாயங்காலம், முனீஸோடு தங்கி அதே ராம்ப்பில் வேலை பார்க்கிற ராமர் கூப்பிட்டான். “ஷெட்டுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தான்ப்பா. நான் போறப்ப மூச்சு இல்ல. கையில போன் இருந்துச்சு.” நெஞ்சுவலி என்றார்கள். இருபத்தொன்பது வயது.

அந்த ரெண்டு அழைப்பைப் பற்றி மொக்கைச்சாமி யாரிடமும் சொல்லவில்லை. சின்னத்தாயிடம் சொல்லப் போவார், வாய் திறக்காது. அது பெட்டிக்காக வந்த கால்தான், நேரம் சரியாக இருக்கிறது, பெட்டியும் அன்று காலைதான் போயிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லித்தான் மூன்று நாளை ஓட்டியிருந்தார். பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் கூப்பிட்டான், அப்புறம்தான் வலி வந்தது. இப்படி இருந்தால் மனுசன் மிச்ச நாளை எப்படியாவது தள்ளிவிடலாம். வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பில்லை.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. சின்னத்தாய்தான்.

“மொகத்தப் பாக்க விடுவாங்களாமா?”

“விடுவாங்க.”

“சரி.” வைத்துவிட்டாள்.

மொக்கைச்சாமி எழுந்து கவுண்டருக்குப் போனார். கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

“ஏம்மா, திங்கக்கெழம ஷார்ஜாவுக்கு நாப்பத்தெட்டுப் பெட்டி போச்சா? அனுப்பர்பாளையத்துல இருந்து வந்தது.” கம்பெனி பெயரையும் சொன்னார்.

“நீங்க அந்தக் கம்பெனிங்களா?”

“பேக்கிங்.”

தமிழ்மதி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இல்லீங்க, திங்கக்கிழமை எடுக்கலீங்க. லக்கேஜ் ஜாஸ்தியாயிருச்சு, வெயிட் தாங்காதுன்னு எறக்கி வெச்சு ஆஃப்லோடு பண்ணிட்டாங்க. அப்புறம் ரெண்டு நாளும் எடமில்லீங்க. அதா, அங்க அடுக்கியிருக்குது பாருங்க. இன்னைக்கு கண்டிப்பா போயிருமுங்க.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க ஓனர் ஏதாவது சத்தம் போட்டா சொல்லுங்க, நானே வேணாலும் பேசறனுங்க. தப்பு உங்க மேல இல்லீங்க” என்றாள்.

“இல்லம்மா. அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

ஷெட்டின் ஓரத்தில் பலகை மேல் அவருடைய பெட்டிகள் இருந்தன. அவர் ஒட்டிய டேப். அவர் இழுத்துக் கட்டிய நாடா. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அடி மூலையில் ‘மு’. அதற்கு மேல் பெட்டியிலும் ‘மு’. வால் நீண்டிருந்தது. விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. நல்ல மார்க்கர்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியது.

அப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான்.

எவ்வளவு நேரம் அங்கேயே குந்தியிருந்தார் என்று தெரியவில்லை. தமிழ்மதி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்தத் தாள்.

“இப்பத்தானுங்க கவனிச்சேன். உங்க பையன் அங்க ராம்ப்புலீங்களா?”

“ஆமாம்மா. இந்தப் பெட்டியெல்லாம் அவன்தான் எறக்குவான்.”

“நம்ம ஆளுங்க” என்றாள். திரும்பிப் போய் லோடர்களிடம் ஏதோ சொன்னாள். போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

விமானம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓடுதளத்துப் பக்கக் கதவைத் திறந்தார்கள். டிராலியில் வந்தது. வெள்ளைத் துணியும் நாடாவும் சுற்றிய நீளப் பெட்டி. ஆறு பேர் கையால் தூக்கினார்கள். “தலைப்பக்கம் இதுங்க, பாத்து, பாத்து” என்று தமிழ்மதி மெதுவாகச் சொல்லிக்கொண்டே கூட நடந்தாள். அவர்கள் உள்ளே வருவதற்காக, வெளியே போகக் காத்திருந்த நாற்பத்தெட்டுப் பெட்டியின் டிராலியை ஓரம் நிறுத்தியிருந்தார்கள். மகன் தாண்டியதும் அது கிளம்பிப் போனது. மொக்கைச்சாமி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

அனுப்பர்பாளையத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சந்து நிறைய ஆட்கள். கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து சொந்தபந்தம் ஒரு வேன் வந்திருந்தது. மூடியைத் திறந்தார்கள். சின்னத்தாய் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று ரெண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள். அவள் கத்தவில்லை.

“எளச்சுட்டான்” என்றாள். அவ்வளவுதான்.

மொக்கைச்சாமிக்கு அந்தத் தாளின் எடைக் கட்டம் ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெண்டு மணிக்கு அடக்கம் முடிந்தது. குளித்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக, போய்ட்டு வர்றோம் என்று சொல்லாமல் கிளம்பினார்கள். மூன்றரை மணிக்கு வீட்டில் லிங்கசாமியும் அவர்கள் ரெண்டு பேரும்தான். லிங்கசாமி சுவரோரம் படுத்துத் தூங்கிப் போனான். சின்னத்தாய் கழுவிவிட்ட தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாத்திரப் பட்டறையிலிருந்து டங் டங் என்று தட்டுகிற சத்தம். மயானத்துக்குப் போகும்வரை நிறுத்தியிருந்தார்கள்; இப்போது ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது.

ஆணியில் மாட்டியிருந்த சட்டைக்குள் போன் அடித்தது.

மொக்கைச்சாமி ஈர வேட்டியோடு பாய்ந்தார். சட்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று இழுத்து எடுத்தார். ஷார்ஜா நம்பர். முதல் ரிங் முடியவில்லை. எடுத்துவிட்டார்.

“சொல்லுய்யா.”

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

“சொல்லுய்யா, அப்பாதான். எடுத்துட்டேன்.”

“அப்பா, ராமர் பேசுறேன். நீங்க எடுப்பீங்கன்னு நெனைக்கல. ரெண்டு ரிங்கு விட்டு வச்சுருவோம்னுதான். பெட்டி வந்துருச்சுப்பா. நாப்பத்தெட்டு. மூலையில எழுதியிருந்துச்சு. அவன் காட்டியிருக்கான் எனக்கு.”

“ம்.”

“நானே எறக்கிட்டேன். எல்லாத்தையும்.”

“ம்.”

“பிரேக்கு முடியப் போகுது. வச்சுரட்டாப்பா?”

“நீ பேச வேணாம்யா. வைக்காம மட்டும் இரு.”

ராமர் வைக்கவில்லை. சின்னத்தாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. மொக்கைச்சாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஆணிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்தார். அங்கே டிராலிகள் உருண்டன. யாரோ யாரையோ இந்தியில் கூப்பிட்டார்கள். தூரத்தில் ஒரு விமானம் இரைந்துகொண்டே கிட்டே வந்தது. மகன் ஆறு வருஷம் வேலை பார்த்த இடத்தின் சத்தம். இதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை.