ஒரே பாக்கெட்டில் பத்து கார்டு

ஊருக்கெல்லாம் கார்டு பார்த்து வாங்கச் சொல்கிறவன் நான். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கடையில் தானாகத் திறக்கும் ஆட்டோகேட், கேமரா, விளம்பரத் திரை என்று எதைச் செய்தாலும் உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு இருக்கும். நகம் அளவு மெமரி கார்டைப் படித்துத்தான் அது ஓடத் தொடங்கும். கார்டு படுத்தால் போர்டும் படுத்துவிடும். அதனால் வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வேன். "பெரிய சைஸ் வேணாம் பாஸ். நாள் பூரா எழுதுற கேமராவுக்குன்னு செஞ்ச கார்டா பாத்து வாங்குங்க. வாங்கினதும் முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சுப் பாருங்க. ஸ்பேர் கார்ட வேற கடையில வாங்குங்க லா."

இவ்வளவு பேசுகிற வாய் சொந்த வீட்டு விஷயத்தில் மூடிக்கொண்டது. ஆன்லைன் மலிவு விற்பனையில் ஒரே பாக்கெட்டில் பத்து கார்டு வாங்கினேன். நம் வீடுதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற திமிரில், அதில் ஒன்றைச் சோதிக்காமலே குமுதாவின் முட்டைப் பெட்டியில் சொருகினேன்.

குமுதா என் மனைவி. பதினாறு வருஷம் ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் நின்றே வேலை செய்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள். கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் முட்டை பொரிக்கும் பெட்டி வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. கேரி தீவுத் தோட்டத்தில் அவளோடு வளர்ந்தவர்கள், இருபத்திரண்டு வீட்டார், நம்பி அறுநூறு நாட்டுக்கோழி முட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் வீட்டுக்காரர் பெயர். பொரித்தால் பாதி குஞ்சு அவர்களுக்கு, பாதி இவளுக்கு. அந்தப் பாதியை வைத்துத்தான் இவள் பண்ணை தொடங்க வேண்டும். கவிழ்ந்தால் திரும்பத் தொழிற்சாலைதான். அந்த இடுப்போடு இன்னொரு வருஷம் அவள் நிற்கமாட்டாள். அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

பெட்டிக்கு போர்டு வைத்தவன் நான். ஹீட்டர் அதன் பேச்சைக் கேட்கும். காற்றாடிக்கும் முட்டைத் தட்டைச் சாய்க்கும் மோட்டாருக்கும் தனி வயர். பழைய தெர்மாமீட்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். "கதவத் தொறக்காத, சூடு போயிடும். ஸ்க்ரீன்ல நம்பர் வரும், அது போதும்" என்றேன். அவள் அப்படியே கேட்டாள்.

முட்டை வைத்த பதினெட்டாம் நாள் ஆயுத பூஜை. எங்கள் கடையிலும் டெஸ்டர், ஸ்க்ரூட்ரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, கொண்டைக்கடலைச் சுண்டலை வாயில் போட்ட நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு. ஏழரைக்கு மெயின் சுவிட்ச மூடிட்டு, பெட்டியத் தொடச்சுப் பொட்டு வச்சேன். எட்டு மணிக்குத் திரும்பப் போட்டேன். இதோட ரெண்டு மணி நேரமாச்சு, வரவே இல்ல."

சுண்டலை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். பெடரல் ஹைவேயில் அன்றைக்கென்று ஒரு லோரி குறுக்கே நின்றது. கொட்டகைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. பெட்டி மேல், கதவில், என் போர்டு மேல்கூட அழகாகச் சந்தனம், குங்குமம். என் மீட்டரை உள்ளே நீட்டினேன். முப்பது டிகிரி. முப்பத்தேழரைக்கு மேல் இருக்க வேண்டியது.

"யாரு உன்ன மெயின் சுவிட்ச மூடச் சொன்னா?"

"ஈரத்துணி போட்டுத் தொடச்சா கரண்ட் அடிக்கும்னு நீங்கதான் சொல்லிருக்கீங்க."

"பொட்டு வச்சு அறுநூறு உசுரையும் அனுப்பிட்டியேடி."

சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் போர்டு மேலிருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தொடாத" என்று அதற்கும் கத்தினேன்.

கார்டைக் கழற்றி, பாக்கெட்டில் மீதி இருந்த ஒன்பதில் ஒன்றை எடுத்து, லேப்டாப்பில் இருந்த மென்பொருளை அதில் ஏற்றினேன். போர்டு பாதி எழுந்து நின்றுவிட்டது. அடுத்த கார்டில் அது எழவே இல்லை. மூன்றாவதை வைத்துச் சோதித்தேன். வெளியே அறுபத்துநான்கு ஜிபி என்று போட்டிருந்தது; உள்ளே ஏழுக்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போனது. பச்சைப் பொய். ஒரே பாக்கெட், ஒரே பொய். மீதியைத் தொடக்கூட மனம் வரவில்லை.

ஹீட்டரை போர்டிலிருந்து பிரித்து, சாதாரண விளக்கு சுவிட்சில் கட்டினேன். என் மீட்டரைப் பெட்டிக்குள் மாட்டினேன். "முப்பத்தேழுக்கு வந்தா போடு. முப்பத்தெட்டுக்கு வந்தா அண. கண்ண எடுத்த, வெந்துரும்." பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் உட்கார்ந்தாள். வலது கை சுவிட்ச் மேல்.

"நாந்தான் கொன்னுட்டேன்ல?" என்று கேட்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

கிள்ளான் டவுனில் டேரன் என்பவரின் கம்ப்யூட்டர் கடை திறந்திருந்தது. கேமராவுக்கான பதினாறு ஜிபி கார்டு கேட்டேன். பெரிதாக இருந்தால் சோதிக்க நேரம் பிடிக்கும். அவர் எடுத்து வைத்ததும் சீலைப் பிரித்து, அவர் மேசையிலேயே லேப்டாப்பை விரித்தேன்.

"என்ன பாஸ், வாங்கிட்டு வீட்டுல பாருங்க லா. இங்க ஆளுங்க நிக்கிறாங்க."

"அண்ணே, வீட்டுல அறுநூறு முட்ட சாகுது. நிரப்பிப் பாக்காம இங்கேருந்து நகரமாட்டேன். உங்க கடைதான், வேணும்னா தள்ளி விடுங்க."

டேரன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் ஒன்றை ஓரம் தள்ளி இடம் கொடுத்தார். எழுதிப் படித்து முடிக்க அரை மணி நேரம். முருகா, இந்த ஒரு தடவை விட்டுவிடு, இனி ஒரு கார்டையும் சோதிக்காமல் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கார்டு நல்ல கார்டு. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது மணி இரண்டு. குமுதா அதே ஸ்டூலில், அதே கையோடு இருந்தாள். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. "முப்பத்தெட்ட தாண்ட விடல" என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

புதுக் கார்டைப் போட்டேன். போர்டு எழுந்தது. ஸ்க்ரீனில் எண் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய செட்டிங்கை எடுப்பதற்காகச் செத்த கார்டை லேப்டாப்பில் சொருகினேன். எழுதத்தான் அது மறுத்தது, படிக்க விட்டது.

போர்டு கார்டில் நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிவைக்கும். கடைசி வரியைப் பார்த்தேன். செப்டம்பர் இருபத்திரண்டு, விடியற்காலை இரண்டு பதினான்கு. 37.6. ஹீட்டர்: அணைப்பு.

அன்றைக்கு அக்டோபர் ஒன்று.

அடுத்த வரியை எழுத முடியாமல் போர்டு அந்த நொடியிலேயே உறைந்திருக்கிறது. ஸ்க்ரீனில் அந்த எண் அப்படியே நிற்க, ஹீட்டர் அணைந்தது அணைந்தபடி. காற்றாடியும் மோட்டாரும் ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறுநூறு முட்டை இருக்கும் பெட்டி மூன்றரை மணி நேரத்தில் முப்பதுக்கு இறங்காது என்று காலையிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். திட்டுவதற்கு ஆள் இருந்ததால் மூளை வேலை செய்யவில்லை.

தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து டார்ச் அடித்தேன். பதினெட்டாம் நாள் குஞ்சு முட்டையை அடைத்துக்கொண்டு கறுப்பாகத் தெரிய வேண்டும். உள்ளே கலங்கிய நீரும் சிறு நிழலும்தான். இன்னொன்று. அதுவும் அப்படியே. எட்டு முட்டை பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தேன்.

யாருக்கும் தெரியாது. அந்தக் கார்டை இரண்டாக ஒடித்து வாய்க்காலில் போட்டால் முடிந்தது. பழி ஏற்கெனவே அவள் தலையில் இருந்தது, அவளும் இறக்கி வைக்கக் கேட்கவில்லை. நான் அப்படியும் யோசித்தேன், அதை மறைக்கவில்லை.

பின்னால் குமுதா முட்டை கொடுத்த வீட்டாரில் ஒருவரிடம் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். "இராஜம்மாக்கா, காலையில பூஜைக்கு நாந்தான் மெயின் சுவிட்ச மூடிட்டேன். முட்ட தேறுமான்னு தெரியல. எல்லார்கிட்டயும் நானே வந்து சொல்றேன்."

நான் போனை வாங்கினேன்.

"அக்கா, கமலநாதன் பேசுறேன். அவ மேல தப்பு இல்ல. ஒம்போது நாளைக்கு முன்னாடியே முட்ட செத்துப்போச்சு. நான் போட்ட கார்டு போலி. காலையில அவளத் திட்டினேன், அதுவும் என் தப்பு."

குமுதா மெதுவாகச் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் உடனே நிமிரவில்லை. போனை என்னிடமிருந்து வாங்கி, அழைப்பை முடித்து, எதையோ தேடி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தெனம் காலையில எத்தன டிகிரின்னு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன்" என்றாள். "நான் படிக்காதவ. எனக்குத் தெரியல."

செப்டம்பர் இருபத்திரண்டு முதல் முப்பது வரை ஒன்பது மெசேஜ். ஒன்பதிலும் 37.6. ஒவ்வொன்றுக்கும் கீழே, நான் போட்ட கட்டைவிரல்.