இரண்டு வீட்டு வெளிச்சம்

கடலுக்கடியில் கொண்டுபோகும் பேட்டரி, எந்த வீட்டில் சார்ஜ் ஏறியதோ அந்த வீட்டின் மனநிலைப்படிதான் வேலை செய்யும். தூத்துக்குடியில் எங்கள் கம்பெனி, குளியாளிகளை இறக்கி, மூழ்கிய தோணிகளிலிருந்து சரக்கை மீட்டெடுக்கிறது. ஆரம்பத்தில், அடியில் விளக்கு அணையாமலிருக்கப் பெரிய பேட்டரிகள் வாங்கிப் பார்த்தார்கள். ஒயரைத் தடிமனாக்கினார்கள். ரப்பர் வாஷரை இரண்டாகப் போட்டார்கள். ஆனால் பட்டறையில் சார்ஜ் ஏற்றிய விளக்குகள், பட்டறை மேனேஜர் யாரையாவது திட்டும்போதெல்லாம் அணைந்துபோயின. அதன்பிறகு நல்ல வீடுகளாகப் பார்த்துப் பிடிக்க என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

நான் தெருத்தெருவாகப் போவேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் காதுகொடுப்பேன். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் முறுக்கு தின்கிற வீடு கிடைத்தால், ஒரு பேட்டரியை விட்டுவிட்டு வருவேன்.

எங்களிடம் இருந்ததிலேயே சிறந்தது ரெஜினாவின் வீடு. அவள் கணவர் கஸ்பார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அங்கே யாரும் குரல் உயர்த்தியதில்லை. அந்த வீட்டுப் பேட்டரி போட்ட விளக்கு உருக்கிய நெய் நிறத்தில் எரியும். கடினமான வேலைக்கெல்லாம் அதைத்தான் கொடுத்தோம்.

அன்று மதியம் படகிலிருந்து ஆரோக்கியம் போன் செய்தான். படகை ஓட்டுகிறவன் அவன்தான்.

"அக்கா, இன்னாசி அண்ணன் விளக்கு மினுக்குது. பேசுத ஒயர்ல குரலும் கம்முது."

"எந்த வீட்டுப் பேட்டரி?"

"ரெஜினா வீடு."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"தோணிக்குள்ள. சரக்கு அறையில. இருட்டுனா வெளிய வர வழி தெரியாதுல்லா. சிலிண்டர்ல காத்தும் கொஞ்சம்தான் கெடக்கு."

ஸ்கூட்டரை எடுத்தேன். இன்னாசி எங்களுடைய மூத்த குளியாளி. என் கல்யாணத்தில் கடைசிப் பந்திவரை வாளியோடு நின்று சாம்பார் ஊற்றியவர். வழியெல்லாம் அந்த வாளிதான் என் கண்முன் நின்றது.

ரெஜினா வீட்டுத் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"என் கிரைண்டரத் தூக்கிக் குடுக்குதுக்கு முன்னால என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"என் தங்கச்சிதானே ரெஜினா. இருந்துட்டுப் போட்டும்."

நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆள் வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரெஜினா டீ போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த கஸ்பார், பை தோளில் தொங்க, சுவரைப் பார்த்து நின்றார்.

ஆரோக்கியம் மறுபடி கூப்பிட்டான். "லேசா எரியுது அக்கா. அண்ணனுக்கு அவரு கை மட்டுந்தான் தெரியுதாம்."

சண்டையை வெறுமனே நிறுத்தினால் அவ்வளவு வெளிச்சம்தான் வரும்.

"உங்க வீட்டுப் பேட்டரி இப்ப இன்னாசி அண்ணன் இடுப்புல இருக்கு. அவரு தோணிக்குள்ள மாட்டிக்கிட்டாரு" என்றேன்.

ரெஜினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் வேணும்னா சும்மா சிரிக்கட்டுமா?"

"பொய்ச் சிரிப்புக்கு எரியாது."

"அப்ப இவுக மன்னிப்பு கேக்கட்டும்."

"கேட்டுட்டேனே" என்றார் கஸ்பார்.

"எப்ப?"

"காலையில. மொத ட்ரிப்புல. மனசுக்குள்ள."

"எனக்குக் கேக்கலயே."

"பஸ்ஸுல ஒரே சத்தம்லா" என்றார் அவர்.

ரெஜினா முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாள். தாடை நடுங்கியது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கஸ்பார் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்புதான் ரெஜினா. ஒன்னயக் கேட்டிருக்கணும்."

"சரி, போட்டும். அவளையே நமக்கும் மாவு ஆட்டித் தரச் சொல்லுங்க."

போனில் ஆரோக்கியம் கத்தினான். "அக்கா! தோணி முழுக்க வெளிச்சம்! அண்ணன் வழியப் பாத்துட்டாரு, வெளிய வாராரு!"

எழுந்திருக்காமல் அந்த டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் நல்ல டீ.

அந்த வாரமே ஒவ்வொரு விளக்கிலும் இரண்டு பேட்டரி வைத்தோம், வேறு வேறு தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளிலிருந்து. ஒன்று மங்கினால் மற்றது எடுத்துக்கொள்ளும். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சண்டை வருவது அபூர்வம். பண்டிகைக்கு முந்தின நாட்களில் மட்டும் யாரையும் இறக்குவதில்லை. இப்போது குளியாளிகளின் மனைவிமார் கரையில் வந்து காத்து நிற்பதில்லை. இன்னாசியின் மனைவி மதியத்தில் தூங்கக்கூட ஆரம்பித்துவிட்டாள் என்றார்கள்.

புது விளக்கோடு முதலில் இறங்கியவரும் இன்னாசிதான். நான் படகிலேயே இருந்தேன். ஒயரில் அவர் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. விளக்கு ஒருமுறைகூட மங்கவில்லை. மேலே வந்து, முகமூடியைக் கழற்றி, நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இம்புட்டு வெளிச்சத்துல கடலப் பாத்ததே இல்ல தாயி. மணலோரமா நங்கூரக் கொடியில நங்கூரம் ரெண்டு பழுத்துத் தொங்குது. பறிச்சிரட்டா?"

"காம்பு எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் பச்ச."

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் கெடக்கட்டும் அண்ணே. இப்பப் பறிச்சா துவர்க்கும்" என்று சொல்லி, அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.