சரிவு பார்த்து நிற்கும் வண்டி

மார்ச் 3, செவ்வாய்.
இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். கடைத்தெருவில் பார்த்த நீலக் காரை மிகப் பழையது என்று வகுப்புப் பலகையில் எழுதிவிட்டேன். அது போன வருடம் செய்தது. தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. எழுதியதை நானே அழித்தேன்.

நாட்குறிப்பில் அவள் எழுதியது இவ்வளவுதான். பட்ட பாடு இதைவிடப் பெரியது.

மாலை வகுப்பில் வண்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ கடைவாசலிலோ பழைய கார் எதையாவது கண்டால், பட்டறைச் சுவரில் இருந்த பலகையில் அதை எழுதிவைப்பார்கள். கண்காட்சிக்கு மெருகேற்றிய வண்டி செல்லாது. யாராவது அன்றாடக் காரியத்துக்கு ஓட்டிவந்ததாக இருக்க வேண்டும். அது ஓடுவதை வகுப்பிலிருந்து இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்த்திருக்க வேண்டும்.

விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் வகுப்பே வருடம் முழுக்கச் சேர்ந்து பிரித்துப் பூட்டிய பச்சைக் கார் தயாரானதும், அதை முதலில் வாசலுக்கு வெளியே ஓட்டுவது யார் என்று சண்டை வந்தது. டீச்சர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: பதிமூன்றாம் தேதி சாயங்காலம் பலகையில் யாருடைய வண்டி மிகப் பழையதோ, சாவி அவருக்கு.

அந்தச் சாவி தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியும், பயிற்சிப் பள்ளிக் காரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பச்சைக் காரின் கியர்பெட்டியைப் பூட்டியவள் அவள். அது உருண்டு போவதைத் தன் காலாலும் கையாலும் உணர வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அதனால்தான் அவசரப்பட்டாள். பலகையில் அப்போது முன்னால் நின்றது ரொட்டிக்காரருடைய கண்டுபிடிப்பு. பேக்கரி வண்டி ஓட்டுகிறவர், ஊரின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. காய்கறிக் கிடங்கில் மூட்டை சுமக்கும் ஒரு பிக்கப்பை, அறுபத்தொன்றாம் வருடத்தது, அவர் எழுதியிருந்தார். அவளுடைய நீலக் காரைப் பார்க்க அன்றைக்கே போனவர், வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய காந்தத்தை அதன்மேல் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. உடம்பெல்லாம் ஃபைபர், பழைய வண்டியின் இரும்புத் தகடே இல்லை. படம் பிடிக்க வாடகைக்கு விடும் அலங்கார வண்டி.

“கண்ணாடிக் கடைப் பொண்ணுக்கே ஒரு கண்ணாடி மாட்டணும் போலிருக்கே” என்று அவர் சொன்னதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த கதையாக, அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே காந்தம் என்றானது.

இரண்டு நாள் கழித்து, வாடிக்கையாளர் ஒருவருடைய மூக்கின்மேல் அளவுகோலை வைத்துக் கண்ணுக்குக் கண் தூரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைக் கண்ணாடி வழியாக எதிரே இருந்த சந்தினைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். மருந்துக் கடைச் சந்து. சரிவில் மூக்கு தாழ்த்தி நின்றிருந்தது ஒரு சாம்பல் நிறக் கார், பன் ரொட்டி போல உருண்டையாக. நல்ல உயரமான ஒரு பெண்மணி குனிந்து முன்சக்கரத்தின் அடியிலிருந்து மரக்கட்டை ஒன்றை எடுத்து உள்ளே போட்டார், ஏறி உட்கார்ந்தார். வண்டி சத்தமே இல்லாமல் உருண்டது. பாதிச் சரிவில் இருமியது, பிறகு உயிர் பிடித்தது. முனையில் திரும்பும்போது இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த தூணிலிருந்து ஒரு சின்னத் தகட்டுக் கை படக்கென்று வெளியே நீண்டது. திரும்பப்போகிறேன் என்று சொல்லும் கை. மினுக்கும் விளக்கு வருவதற்கு முந்திய காலத்து ஏற்பாடு.

அளவுகோலும் கையுமாக அவள் வாசலுக்கு ஓடினாள். சந்து காலி. உள்ளே வாடிக்கையாளர் மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வகுப்பில் அதைச் சொல்லவே தயங்கினாள். சொன்னபோது, பார்த்தேன் என்று சொல்ல வேண்டியவள், பார்த்த மாதிரி இருந்தது என்றாள்.

“பாத்தியா, பாத்த மாதிரி இருந்துச்சா?” என்றார் ரொட்டிக்காரர். “ரெண்டுக்கும் நடுவுல ஒரு கார் போகும், காந்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அன்றிரவு அக்காவிடம் நடந்ததை மூன்றாவது முறை சொல்லும்போது அக்கா தூங்கியிருந்தாள். சொன்னதைக் கேட்க ஆளில்லாததால் அவளே கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் அந்த மரக்கட்டை உறைத்தது.

நிறுத்தும்போது கட்டை வைக்க வேண்டியிருந்தால் பிரேக் நம்பிக்கையில்லை. அது சரி. ஆனால் இன்ஜின் போடாமல் ஏன் உருட்ட வேண்டும்? இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, அதனால்தான். ஸ்டார்ட்டர் சுற்றாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினால் தள்ள நாலு பேர் வேண்டும். அந்த அம்மா தனி ஆள். அப்படியானால் எங்கே போனாலும் சரிவில்தான் நிறுத்துவார். ஊரோ தட்டையான ஊர், தோசைக்கல் மாதிரி. கார் நிறுத்த இடம் ஆயிரம் இருக்கலாம். கார் உருள இடம் எத்தனை இருந்துவிடும்?

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்தாள். அவள் தேடியது காரை இல்லை, சரிவை; அங்கே பழைய வண்டி நின்று சொட்டியிருக்கக்கூடிய எண்ணெயை. பாலத்துக்குப் பக்கத்துச் சாலையில் ஒன்றுமில்லை. சந்தைக்குப் பின்பக்கம் லாரிகள் சொட்டிய எண்ணெய்தான், குளம் மாதிரி. தப்பாக யோசித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு சரிவிலும் நின்று சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்டுக்கொண்டே அடுத்த சரிவுக்கும் போனாள். நூலக வளைவில் ஒரு சிறிய எண்ணெய்க் கறை இருந்தது, ஓரம் காய்ந்து மங்கியது. முதியோர் மருத்துவமனையின் பக்கத்துச் சந்தில் அதே அளவில் இன்னொன்று. அதற்கு முன்னால், சக்கரம் நிற்கும் இடத்தில், தரையில் மரத்தூள் நசுங்கிக் கிடந்தது. சாம்பல் காரில் வரும் உயரமான அம்மாவைப் பற்றிக் காவலாளியிடம் கேட்டாள். ஊன்றுகோலும் பந்தும் தூக்கிக்கொண்டு வருவாங்களே பிசியோதெரபி அம்மா, அவங்களா, வெள்ளிக்கிழமை மதியம் தவறாம வருவாங்களே என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை என்றால் பதிமூன்றாம் தேதி. பலகை முடியும் நாள்.

இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் இருக்கக்கூடிய வகுப்புத் தோழர் ஒருவர்தான், ரொட்டிக்காரர். அவள் ஜெயித்தால் தோற்கப்போகிறவரும் அவரே. அவருக்கே போன் செய்தாள்.

“காந்தமே கூப்பிட்டா காந்தத்தோட வராம எப்படி?” என்று வந்து இறங்கினார்.

மருத்துவமனைச் சந்தில் கார் நின்றிருந்தது, மூக்கு தாழ்த்தி, கட்டையில் சக்கரம் முட்டி. அவர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவருகே நீட்டினார். டப். கையை விட்டுப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க நகம் தேவைப்பட்டது.

“என் வண்டியில என்னங்க ஒட்டுறீங்க?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கக்கத்தில் பெரிய உடற்பயிற்சிப் பந்துடன் பிசியோதெரபி அம்மா. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. பழைய வண்டியாவது ஒன்றாவது, ஓடுது, ஓட்டுறேன் என்றார். பின்சீட்டில் ஊன்றுகோல்களுக்கு நடுவே ஒரு வெங்காயச் சாக்கு கிடந்தது.

சந்தின் அடியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. மணல் லாரி ஒன்று குறுக்கே நின்று இறக்கிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை நகராது என்றான் டிரைவர். உருள வழியில்லை.

ரொட்டிக்காரர் கழுத்தைச் சொறிந்தார். “ஓடுறதப் பாக்காம கணக்குல சேராது, காந்தம். சட்டம் நான் போட்டதில்ல.”

அவள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

“அக்கா, பானெட்டத் திறந்து பாக்கட்டுமா? ஸ்டார்ட்டர் கெட்டிருக்காதுன்னு தோணுது. தப்பாவும் இருக்கலாம்.”

“தப்பா இருந்தா என்னம்மா? ஏற்கெனவே ஓடல. இதுக்கு மேல எப்படி ஓடாமப் போகும்?”

சாவியைத் திருப்பச் சொன்னாள். டக் என்ற ஒரே சத்தம். பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பேட்டரியை வண்டி உடம்போடு சேர்க்கும் பட்டையின் நுனியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். சூடு. பச்சைக் காரில் இதே இடத்தில் இதே சூட்டை அவள் பார்த்திருக்கிறாள். துருவுக்குள் மின்சாரம் முட்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

“அண்ணே, ஸ்பேனர் இருக்கா?”

அவர் அசையவில்லை. லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குப் போய் ஸ்பேனரும் உப்புத்தாளும் எடுத்துவந்தார்.

“என்னத் தோக்கடிக்க எங்கிட்டயே ஆயுதம் கேக்குது பாருங்க” என்றார் அந்த அம்மாவிடம்.

அவள் நட்டைக் கழற்றினாள். பச்சையும் பழுப்புமாகப் பிடித்திருந்ததை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தாள். பானெட்டைத் தாங்கிப் பிடித்திருந்த ரொட்டிக்காரரின் கண், உள்சுவரில் அறைந்திருந்த சின்னத் தகட்டில் விழுந்தது. கட்டைவிரலால் அழுக்கைத் துடைத்தார், மெதுவாகப் படித்தார்.

“ஐம்பத்தி நாலு” என்றார். தன் தோல்வியைத் தானே வாசித்த குரல்.

அவள் நட்டை முடுக்கினாள். சாவி திரும்பியது. ஒரு முனகல், ஒரு உதறல், அடுத்து சந்து முழுக்க நிறைந்து வழியும் அந்தச் சத்தம். கட்டையை எடுக்காமலே கார் பின்புறமாகச் சரிவில் ஏறியது. மேலே போய், சின்னக் கையை நீட்டி, சமதளத்தில் நின்றது. அந்த அம்மா இறங்கி அது நிற்கும் தரையை ஏதோ புது ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இனிமே எங்க வேணும்னாலும் நிறுத்தலாமா?”

“நிறுத்தலாம் அக்கா. கட்டைய மட்டும் விட்டுடாதீங்க, பிரேக் இன்னும் அப்படியேதான் இருக்கு.”

“போச்சு” என்றார் ரொட்டிக்காரர். “இனிமே இவங்கள எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

சாயங்காலம் பலகையில் அவரே எழுதினார்: சாம்பல் கார், ஐம்பத்தி நாலு, ஓடுவதைப் பார்த்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் காந்தம் என்று எழுதிவிட்டு, அழிக்கட்டுமா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். இருக்கட்டும் என்று அவள் தலையசைத்தாள். வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிக் கூரையை அதிரவைத்தது. டீச்சர் சாவியை நீட்டியதும் ரொட்டிக்காரர் குறுக்கே புகுந்து வாங்கி, பச்சைக் காரின் கதவில் தன் காந்தத்தை ஒட்டி, அதில் சாவியைத் தொங்கவிட்டார்.

“வந்து எடுத்துக்கோ” என்றார்.

அவள் எடுத்துக்கொண்டாள், காந்தத்தையும் சேர்த்து.

மார்ச் 13, வெள்ளி.
பார்த்தேன். பார்த்த மாதிரி இல்லை.
நாளை: நாலு டயரிலும் காற்று பார்க்க வேண்டும். வாசல் கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவைக்கச் சொல்ல வேண்டும். பச்சைக் காரை வெளியே ஓட்ட வேண்டும்.